கத்தாமல் போன கார்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி விசாரணைக்கு இன்னும் நாற்பத்தைந்து மணி நேரம் இருந்தது. டெனிஸ் கோவால் அன்று காலையிலிருந்து அடுப்பை மூன்று முறை துடைத்திருந்தாள். நான்காவது முறை துணியை எடுத்தபோது லொரெய்ன் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டாள்.

"பத்தொன்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன்," என்றாள் டெனிஸ். "ஒரு பக்கக் கண்ணாடிகூட உடைஞ்சதில்ல. இப்ப நான் மாதா மேல கார ஏத்திட்டு சொல்லாம கொள்ளாம ஓடினவ."

"மாதா மேல இல்ல," என்றான் மோரிஸ். "குளியல் தொட்டி மேல. குற்றச்சாட்டுல துல்லியம் வேணும்."

லொரெய்ன் அவனைப் பார்த்தாள். மோரிஸ் முன்பு கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போட்டு மைக்கில் பேசியவன். மூன்று வருடமாக லொரெய்னின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். மைக் இல்லாததுதான் அவனுக்கு ஒரே குறை. லொரெய்ன் அதற்கு முன் பதினாறு வருடம் கார் விபத்துக் கோரிக்கைகளை ஆராய்ந்தவள். டெனிஸோடு ஒரே பந்துருட்டும் பவுலிங் அணியில் விளையாடுகிறவள். அதனால்தான் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு இந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"வியாழக்கிழமைய மறுபடி சொல்லுங்க."

"காலைல பஸ்ஸ விட்டுட்டு ஒன்பதரைக்கு வந்தேன். படுத்துட்டேன். ஒரு மணிக்கு எழுந்தேன். வியாழக்கிழமைல மதிய ஓட்டத்துக்கு இன்னொரு பஸ் ஓட்டற ஷெரில்தான் ஒன்றரைக்கு வந்து கூட்டிட்டுப் போவா, சாயங்காலம் நேரா பவுலிங் வந்துடுவோம்ல. என் கார் வீட்டுலயே இருந்துது."

"எதிர்வீட்டு வாண்டா?"

"பத்து மணிக்குப் பிங்கோவுக்குப் போயிருக்காங்க. மூணு மணிக்குத் திரும்பினா தொட்டி ரெண்டு துண்டு. தொட்டில என் கார் நீலம். என் பின் பம்பர்ல தொட்டி வெள்ளை. நேத்து போலீஸ் வந்து பார்த்தாங்க. ஸ்கூல் நிர்வாகம் பஸ் சாவிய வாங்கிட்டு திங்கட்கிழமை விசாரணைன்னுட்டாங்க."

"பத்திலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நீங்க தூங்கினதுக்குச் சாட்சி?"

"தலையணை."

"உங்க வீட்டுக்காரர் ரே என்ன சொன்னாரு?"

"கீழ்த்தளத்துல டிவி பார்த்துட்டு இருந்தானாம். எதுவும் கேக்கலயாம். யாரோ திருடன் எடுத்து ஓட்டிப் பார்த்துட்டு விட்டுருப்பான்னு போலீஸ்ல சொன்னான்."

"மரியாதையான திருடன்," என்றான் மோரிஸ். "எடுத்த இடத்துலயே திரும்ப நிறுத்திட்டுப் போயிருக்கான்."

*

வாண்டா கையில் துடைப்பத்தோடு புல்வெளியில் நின்றிருந்தார். தெருவில் மூன்று வீட்டுக்கு ஒன்றாக இருப்பதுபோல் அவர் வீட்டு முன்னும் பழைய எனாமல் குளியல் தொட்டி ஒன்றை நிமிர்த்திப் பாதி புதைத்து, அதன் குழிவுக்குள் மாதா சிலையை நிறுத்தியிருந்தார்கள். இப்போது தொட்டி இல்லை. மாதா மட்டும் நவம்பர்க் காற்றில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தோளில் யாரோ ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

"ஒரு இஞ்ச் நகரலம்மா," என்றார் வாண்டா. "தொட்டி ரெண்டாப் பொளந்துடுச்சு. மாதா மேல ஒரு கீறல் கிடையாது. பாதருக்கு போன் பண்ணி இது அற்புதம்னு சொன்னேன். மொதல்ல இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லுங்கங்கறாரு."

"நேர்ல பார்த்த சாட்சி மாதா ஒருத்தர்தான்," என்றான் மோரிஸ். "பேசினா நமக்கு வேல மிச்சம்."

"யாரிந்த ஆளு?"

"என் உதவியாளர்," என்றாள் லொரெய்ன்.

"எதுக்கு உதவி?"

"அதத்தான் நானும் மூணு வருஷமா யோசிக்கறேன்."

வேறு சாட்சி கிடைக்க வழியில்லை. வியாழக்கிழமை மான் வேட்டை தொடங்கும் நாள். தெருவின் ஆண்களில் பாதிப் பேர் அன்று விடியும் முன்னமே துப்பாக்கியும் பீர்ப் பெட்டியுமாக வடக்கே போய்விட்டார்கள். அவர்கள் போனதும் பெண்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள்.

லொரெய்ன் புல்லில் குந்தினாள். தடங்கள் தெளிவாக இருந்தன. டெனிஸ் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவு, ரோடு, வாண்டாவின் புல்வெளி, தொட்டி. கார் ரிவர்ஸில் ஒரே நேர்கோடாக வந்திருந்தது. எங்கேயும் வளையவில்லை. தொட்டிக்கு முன்னால், பின்சக்கரங்கள் நின்ற இடத்தில் புல் வேரோடு பிய்ந்து இரண்டு கறுப்புக் கோடுகள். ரோட்டுப் பக்கமாக முன்சக்கரங்கள் நின்ற இடத்தில் புல் வெறுமனே அமுங்கிக் கிடந்தது.

அவள் அதை நோட்டில் வரைந்துகொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

"டெனிஸ் நல்ல பொண்ணு," என்றார் வாண்டா. "ஆனா அவ கார் ஒரு நரகம். அஞ்சு மாசமா விடிகாலை அஞ்சு இருபதுக்கு சரிவுல இறங்கும்போது பிரேக் கத்தும் பாரு, பன்னியப் புடிச்சு அழுத்தற மாதிரி. நான் அலாரம் வெக்கறதயே விட்டுட்டேன். அதுக்குத்தான் எழுந்து காலைப் பூசைக்குப் போவேன்."

"நேத்தும் போனீங்களா?"

"நேத்து தூங்கிட்டேன். எட்டு மணிக்குத்தான் கண்ணு முழிச்சேன். துக்கத்துல அசந்துட்டேன் போல."

லொரெய்ன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"மோரிஸ், நேத்து டெனிஸ் எத்தன மணிக்குக் கிளம்பினா?"

"அஞ்சு இருபதுன்னு சொன்னாங்க."

"கார் கத்தல."

"துக்கம் அனுஷ்டிச்சிருக்கும்."

*

டெனிஸின் நீலக் கார், ஷெட்டின் பக்கத்தில் நின்றது. லொரெய்ன் முன்சக்கரத்தின் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பிரேக் பேட் தேஞ்சு போனா அதுல இருக்கற சின்னத் தகடு, சக்கரத்தோட சுத்தற டிஸ்க்ல உரசிக் கத்தும்," என்றாள். "மாத்தச் சொல்லிக் கத்தறதுக்குன்னே வெச்சிருக்காங்க."

"ஃபேக்டரி யூனியன் தலைவர் மாதிரி."

"இந்தப் பேட் எவ்வளவு தடிமன் பாரு. புதுசு. வியாழன் காலைல கத்தின கார் வெள்ளி காலைல கத்தல. நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து பேட் மாத்தியிருக்காரு."

மோரிஸ் தாடையைச் சொறிந்தான். "திருடன் மறுபடியும். கார எடுத்தான், தொட்டிய இடிச்சான், மனசு கேக்காம பிரேக்கையும் சரி பண்ணிக் கொடுத்தான்."

டெனிஸ் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"நானும் கவனிச்சேன். நேத்து சாயங்காலம் ரேகிட்ட கேட்டேன், நீயா மாத்தினன்னு. இல்லையே, குளிர் வந்தா கத்தல் தானா நின்னுடும்னான்."

"ரே பிரேக் ஃபேக்டரில எத்தன வருஷம் இருந்தாரு?"

"முப்பத்தொண்ணு. கடைசி பன்னிரண்டு வருஷம் புதுசா சேர்றவங்களுக்கு அவன்தான் பயிற்சி."

"அந்த ஆளு குளிர்ல பிரேக் தானா சரியாகும்னு சொன்னாரு."

"நான் ரெண்டு நாளா சரியா தூங்கல லொரெய்ன். நான் யோசிக்கல."

லொரெய்ன் டார்ச்சை அணைத்தாள். "செய்யாத வேலைய செஞ்சேன்னு சொல்ற புருஷங்கள நிறைய பார்த்திருக்கேன். செஞ்ச வேலைய செய்யலன்னு சொல்றவர இப்பத்தான் பார்க்கறேன்."

"அபூர்வ இனம்," என்றான் மோரிஸ். "வேட்டைக்குப் போனவங்க திரும்பி வரலாம்."

*

ரே கோவால் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் சனிக்கிழமை ஒரு மணிக்கு அங்கே இலவச வகுப்பு. வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றுவது எப்படி. தேவாலயத்துக்கு வருகிறவர்கள் யாரும் வரலாம். இரண்டு ஊர் தாண்டியும் வந்திருக்கிறார்கள். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் பெயிண்டில் வரையப்பட்டிருந்தது. இடம் மாறி மாட்டினால் அவருக்குத் தூக்கம் வராது என்று டெனிஸ் சொல்லியிருந்தாள்.

"பேட் மாத்தினது நீங்கதானே ரே?"

அவர் ஒரு நாற்காலியை விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார்.

"ஆமா," என்றார். "வியாழன் சாயங்காலம். இவ பவுலிங் போயிருந்தா."

"பின்ன ஏன் இல்லன்ன?" என்றாள் டெனிஸ்.

ரே மனைவியைப் பார்க்காமல் லொரெய்னிடம் பேசினார். "ஜூன்ல பேட் வாங்கி வெச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு அஞ்சு மாசம் ஓடிப்போச்சு. மாத்தி முடிச்சுட்டு மணியப் பார்த்தேன். நாப்பது நிமிஷம்தான் ஆகியிருந்துது. நாப்பது நிமிஷ வேலைன்னு தெரிஞ்சா இவ அஞ்சு மாசத்துக்கும் பதில் கேப்பா."

"நாப்பது நிமிஷமா?" என்றாள் டெனிஸ்.

"ரெண்டு பக்கமும் சேர்த்து."

"தெருவே என்னப் பார்த்தா காத மூடிக்கிட்டுது. சின்னப் புள்ளைங்க என் கார் மாதிரி கத்திக் காட்டினாங்க. நாப்பது நிமிஷமா?"

மோரிஸ் லொரெய்னின் காதருகே குனிந்தான். "ஒரு கேஸ் முடிஞ்சுது பாஸ். இன்னொண்ணு தொடங்குது. நாம நடுவுல நிக்கறோம்."

லொரெய்ன் நோட்டை மூடினாள். ரே சொன்னதை நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த எந்தக் கணவனும் அதையேதான் செய்திருப்பான். துப்பு என்று அவள் பின்தொடர்ந்தது ஒரு சோம்பேறித்தனத்தில் போய் முடிந்திருந்தது. திங்கட்கிழமைக்குக் கொண்டுபோக அவளிடம் ஒன்றுமில்லை.

"விசாரணைல என்ன சொல்லுவாங்க?" என்று டெனிஸ் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"இடிச்சுட்டு நிக்காம போன டிரைவர்கிட்ட பிள்ளைங்கள ஒப்படைக்க மாட்டோம்னு சொல்லுவாங்க," என்றாள் லொரெய்ன். பொய் சொல்ல அவளுக்கு வராது.

ரே ஜாக்கியைத் தேடிக் குனிந்தார். அது அவர் காலடியில்தான் இருந்தது.

*

ஒரு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். ஆறும் பெண்கள். ஆண்கள் மானைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யொலாண்டா என்ற நர்ஸ் ஜாம் வைத்துப் பொரித்த பொன்ச்கி பன் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். அவள் இந்த வகுப்புக்கு வருவது நான்காவது முறை. இந்த முறை பேட் மாற்றப்போவது அவளுடைய காருக்கு.

லொரெய்னும் மோரிஸும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கிளம்பியிருக்கலாம். ஆனால் டெனிஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போக லொரெய்னுக்கு மனம் வரவில்லை.

ரே பேசத் தொடங்கியதும் வேறு மனிதராகிவிட்டார். "மொத படி. கார் தரையில இருக்கும்போதே நட்ட தளர்த்துங்க. தூக்கினப்புறம் தளர்த்தினா சக்கரம் சுத்தும், நீங்களும் சுத்துவீங்க." ஜாக்கியில் தூக்கினார். அடியில் இரும்புத் தாங்கி வைத்தார். "ஜாக்கிய நம்பி உள்ள கைய விடாதீங்க. ஜாக்கி உங்க சொந்தக்காரன் இல்ல." சக்கரத்தைக் கழற்றினார். பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டி மாட்டினார். "குழாய்ல தொங்க விட்டா குழாய் போயிடும்." பழைய பேட்களை எடுத்து வரிசையாகக் காட்டினார். பேட்டை அழுத்தும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினார். "புதுப் பேட் தடிமன். அதுக்கு இடம் வேணும். அவசரப்படாதீங்க. பிரசவம் மாதிரி, ஆனா ரிவர்ஸ்ல."

யொலாண்டா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

புதுப் பேட், காலிப்பர், போல்ட், சக்கரம். ஒவ்வொரு படியையும் எண்ணோடு சொன்னார். மறுபக்கத்தையும் முடித்தார். பதின்மூன்றாவது படியில் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அவ்வளவுதான். சாப்பிடலாம்."

நாற்காலிகள் நகர்ந்தன. யொலாண்டா மட்டும் எழவில்லை.

"ரே, ஒண்ணு விட்டுப்போச்சு."

"ஒண்ணும் விடல."

"பதினாலாவது படி. மூணு வாட்டியும் சொன்னீங்க. போன வாட்டி அத மட்டும் நாலு தடவ சொன்னீங்க. நான் சிவப்பு மையில கோடு போட்டிருக்கேன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்," என்றார் ரே. அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் லொரெய்ன் பின்வரிசையிலிருந்து. "படிங்களேன்."

யொலாண்டா நோட்டைத் தூக்கிப் பிடித்தாள். "'கார நகர்த்தறதுக்கு முன்னாடி பிரேக் பெடல அஞ்சாறு தடவ மிதிக்கணும். கல்லு மாதிரி ஆகற வரைக்கும். பிஸ்டன நாம உள்ள தள்ளி வெச்சிருக்கோம், அது திரும்பி வந்து பேட்டத் தொடணும். மிதிக்காம கிளம்பினா மொத மிதில பெடல் தரையத் தொடும், கார் நிக்காது. இத மறக்கறவன் ஸ்பேனரத் தொடக் கூடாது.' கடைசி வரியும் நீங்க சொன்னதுதான், அப்படியே எழுதியிருக்கேன்."

மோரிஸ் கடித்த பொன்ச்கியை மெல்லாமல் வைத்திருந்தான்.

லொரெய்ன் எழுந்து ஷெட் வாசலுக்குப் போனாள். அங்கிருந்து சரிவு. சரிவுக்கு நேர் எதிரே, ஒரு கோடு கிழித்ததுபோல, துண்டு போர்த்திய மாதா.

"வாண்டா வீட்டுப் புல்லுல ரெண்டு தடம் இருக்கு," என்றாள். "பின்சக்கரம் நின்ன எடத்துல புல் பிஞ்சிருக்கு. முன்சக்கரம் நின்ன எடத்துல வெறும்ன அமுங்கியிருக்கு. கால் பிரேக்க மிதிச்சிருந்தா முன்சக்கரம்தான் மொதல்ல பிடிச்சிருக்கும். பின்சக்கரம் மட்டும் பிடிக்குதுன்னா அது ஹேண்ட் பிரேக். ஓட்டினவர் பெடல மிதிச்சிருக்காரு, ஒண்ணும் நடக்கல. உடனே ஹேண்ட் பிரேக்க இழுத்திருக்காரு. நல்ல பழக்கம் உள்ள ஆளு. அதனாலதான் மாதா தப்பிச்சாங்க."

"அப்ப அற்புதம் இல்லயா?" என்றான் மோரிஸ்.

"அந்த பிரேக் வெள்ளிக்கிழமை காலைல ஒழுங்கா வேல செஞ்சுது. வியாழக்கிழமை ஒரு தடவ மட்டும் காணாம போய், தானா திரும்பி வந்த பிரேக். பேட் மாத்தின உடனே பெடல மிதிக்காம எடுத்தாத்தான் அப்படி ஆகும். சாயங்காலம் இல்ல ரே. நீங்க பேட் மாத்தினது தொட்டி உடையறதுக்கு முன்னாடி."

ரே ஜாக்கியின் மேல் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "நான்தான் ஓட்டினேன். குடிச்சிருந்தேன்."

"நீயா?" என்றாள் டெனிஸ். "ஒரு பீர் குடிச்சா சோபாவுலயே தூங்கிடுவ. பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிட்டு வந்து போட்டுருக்கான்."

"அன்னிக்கு நிறைய குடிச்சேன்."

லொரெய்ன் அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதப் போய் திங்கட்கிழமை சொல்லுங்க. பொண்டாட்டி வேலையக் காப்பாத்த வந்த நல்ல புருஷன்னு நெனச்சு காபி குடுத்து அனுப்பிடுவாங்க. ஒரு வார்த்த நம்ப மாட்டாங்க. அவங்க நம்பற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அந்தப் பதினாலாவது படி. இந்த ஊர்ல பிரேக் வேல தெரிஞ்ச எவனும் தன்னப் பத்தி அப்படி ஒரு பொய் சொல்ல மாட்டான்."

ரே தலையை ஆட்டினார். இல்லை என்றா, புரிந்தது என்றா, தெரியவில்லை.

"எத்தன மணிக்கு?" என்றாள் டெனிஸ்.

"ரெண்டு இருபது. நீ போனதும் வேலைய ஆரம்பிச்சேன், முடிச்சு ஓட்டிப் பார்க்க எடுத்தேன். நீ வரும்போது கத்தாத கார் நிக்கணும்னு."

"ரெண்டு இருபதுக்கு நான் பஸ்ல இருந்தேன். அறுபத்திரண்டு பிள்ளைங்களோட."

"தெரியும்."

"அத மட்டும் சொல்லியிருந்தாலே போதுமே ரே."

"சொன்னா எப்படி இடிச்சன்னு கேப்பாங்க," என்றார். "தொட்டிய நானே ராத்திரியோட ராத்திரியா புதுசா வெச்சுடலாம்னு நெனச்சேன். போலீஸ் வருவாங்கன்னு நெனக்கல. உன் சாவிய வாங்குவாங்கன்னு நெனக்கல. இன்னிக்கு சொல்லிடலாம், நாளைக்கு சொல்லிடலாம்னு."

"பேட் மாதிரியே," என்றாள் டெனிஸ். அவள் கோபமாகச் சொல்லவில்லை. காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். "தினமும் காலைல ஆறே காலுக்கு முத ஸ்டாப்புல ஒரு பொண்ணு நிப்பா. புது ஆள் கதவத் திறந்தா அவ ஏற மாட்டா. அழுதுகிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவா. நீ எனக்காகச் சொல்ல வேணாம். அவளுக்காகச் சொல்லு."

மோரிஸ் தன் போனை எடுத்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் பள்ளி நிர்வாக அலுவலகத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ரேயின் முன் நீட்டினான். வார இறுதியில் அங்கே யாரும் இல்லை. பெயரையும் செய்தியையும் சொல்லச் சொல்லி ஒரு பெண் குரல் வந்தது. பிறகு ஒரு பீப்.

ரே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என் பேரு ரேமண்ட் கோவால். டெனிஸ் கோவாலோட புருஷன். வியாழக்கிழமை மதியம் ரெண்டு இருபதுக்கு அந்தக் கார ரிவர்ஸ்ல எடுத்தது நான். அவ அப்ப உங்க பஸ்ல இருந்தா. உங்க பதிவுலயே இருக்கும்."

நிறுத்தினார். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு பெண்களும் நோட்டு, பேனா, பொன்ச்கி எல்லாவற்றோடும் அப்படியே நின்றார்கள். வாண்டா துடைப்பத்தோடு ரோட்டைக் கடந்து வந்து, என்ன கூட்டம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இன்னும் பதிவாகுது," என்றாள் லொரெய்ன் மிக மெதுவாக.

ரே மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து, வகுப்பில் பேசும் அதே தெளிவான குரலில் சொன்னார்:

"புதுப் பேட் மாட்டியிருந்தேன். பெடல மிதிக்க மறந்துட்டேன்."